சிறு துவாரம், பெரிய தீர்மானம்



எங்கள் மும்பைச் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடைபெறும். எல்லாரும் முழங்காலில் நிற்கும் வேளையில், ஒரு வாலிபர் மாத்திரம் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக இந்த நகரத்துக்கு வந்தவர். கூரியர் நிறுவனம் ஒன்றில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அவரைக் காணும்போதெல்லாம் என் மனச்சாட்சி என்னைக் குத்துகிறது. அதற்குக் காரணம் உண்டு.

ஒரு நாள் மாலை லோக்கல் ரயில் முழுவதும் நிற்குமுன் அவர் நடைமேடையில் குதித்தார். பாதம் தரையில் ஊன்றி நின்றது. உடல் மாத்திரம் திரும்பியது. முழங்காலுக்குள் "டப்" என்று ஏதோ அறுந்ததுபோல் ஒரு சத்தம். இரவுக்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. மறுநாள் நொண்டிக்கொண்டே என் வீட்டுக்கு வந்து, "பாஸ்டர், சுளுக்குப் போலிருக்கிறது" என்றார். நான் ஜெபித்தேன். பின்பு, "தம்பி, அடுத்த தெருவில் எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுப்பவர் ஒருவர் இருக்கிறார், போய்ப் பார்" என்றேன். ஜெபித்ததற்காக நான் வருந்தவில்லை. தெரியாத காரியத்தில் ஆலோசனை சொன்னதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. சுகமாகிவிட்டது என்று அவரும் எண்ணினார், நானும் எண்ணினேன். ஆனால் படி இறங்கும்போது திடீரென்று முழங்கால் நழுவும். மின்தூக்கி இல்லாத நான்கு மாடிக் கட்டடங்களில் சுமையோடு ஏறி இறங்கும் வேலை அல்லவா? மாதத்துக்கு இரண்டு தரம் விழுவார். எழுந்து மறுபடியும் வேலைக்குப் போவார். எட்டாம் மாதத்தில் ஒரு நாள் காலை, மடங்கிய முழங்கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டது. அப்பொழுதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதல் நாளிலேயே மூட்டின் நடுவிலுள்ள தசைநார் அறுந்திருக்கிறது. அது இல்லாமல் மூட்டு நழுவி நழுவி, உள்ளேயிருந்த மெத்தை போன்ற ஜவ்வையும் அரைத்துவிட்டது. "ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இந்த ஜவ்வைத் தைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடும். இனி நைந்துபோன பகுதியை வெட்டி எடுக்கத்தான் வேண்டும். முதல் நாளே வரும்படி யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். வாலிபர் தலைகுனிந்து நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆகையால் இந்த மாதம் முழங்கால், தோள் மூட்டுகளில் ஏற்படும் காயங்களையும், அவற்றுக்குச் செய்யப்படும் நுண்துளை அறுவைச் சிகிச்சையையும் குறித்து எழுதத் துணிகிறேன். நான் மருத்துவன் அல்ல. எலும்பு மருத்துவர்களிடம் கேட்டும், வெளியான ஆய்வுகளை வாசித்தும் அறிந்ததையே எழுதுகிறேன். சொல்ல விரும்புவது ஒன்றே: இந்தச் சிகிச்சை சிலருக்குத் தாமதமின்றிச் செய்யப்பட வேண்டியது, வேறு சிலருக்கோ கடன் வாங்கியும் செய்யக் கூடாதது. யாருக்கு எது என்று பகுத்தறிவதே ஞானம்.

மூட்டுக்குள் இருப்பது என்ன?

முழங்கால் என்பது தொடை எலும்பும் கணுக்கால் நோக்கி இறங்கும் கால் எலும்பும் சந்திக்கும் இடம். முன்னே சிப்பி போன்ற முட்டிச் சில்லு. இரண்டு எலும்புகளின் நடுவே பிறை வடிவில் இரண்டு ஜவ்வுகள் மெத்தைபோல் அமைந்து நம் பாரத்தைத் தாங்குகின்றன. இவற்றை மருத்துவர்கள் மெனிஸ்கஸ் என்பார்கள். மூட்டின் நட்டநடுவில் இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று சிலுவைபோல் குறுக்கிட்டுச் செல்கின்றன. அவற்றில் முன்புறத்தில் உள்ளதே அடிக்கடி அறுந்துபோவது, ஏ.சி.எல். என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். பாதம் ஊன்றியிருக்க உடல் திரும்பும்போது இது அறுகிறது. கால்பந்து, கபடி ஆடுகிறவர்களுக்கு மாத்திரமல்ல, ஓடும் ரயிலிலிருந்து குதிக்கிறவர்களுக்கும் இது நேரிடும்.

தோளின் அமைப்பு வேறு. பெரிய பந்து ஒன்று சிறிய கிண்ணத்தின்மேல் அமர்ந்திருப்பது போன்றது அது. அதனால்தான் கை எந்தத் திசையிலும் சுழலுகிறது. அதனால்தான் எளிதில் நழுவவும் செய்கிறது. கிண்ணத்தைச் சுற்றிலும் ரப்பர் வளையம்போல் ஒரு விளிம்பு ஜவ்வு உண்டு. பந்தைக் கிண்ணத்தோடு அணைத்துப் பிடிக்க நான்கு தசைகளின் நாண்கள் உறைபோல் சூழ்ந்திருக்கின்றன. காயங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடங்களிலேயே ஏற்படுகின்றன.

தரையில் அமரும் ஜனத்துக்காகப் பிறந்த கருவி

இந்தச் சிகிச்சையின் வரலாறு நமக்கு நெருக்கமானது. ஜப்பானியர் நம்மைப்போலவே தரையில் அமர்ந்து உண்பவர்கள். முழங்காலை மடித்து உட்காருவது அவர்களுடைய வழக்கம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காசநோய் முழங்காலைத் தாக்கி, மடக்க முடியாதபடி அதை விறைக்கச் செய்தது. கால் மடங்காதவர் பந்தியிலும் சபையிலும் அமர இயலாமற்போனார். நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, டோக்கியோவைச் சேர்ந்த கென்ஜி தகாகி என்ற மருத்துவர் 1918ஆம் ஆண்டு, சிறுநீர்ப்பையைச் சோதிக்கும் குழல் ஒன்றை இறந்த ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். ஐரோப்பாவிலும் அக்காலத்தில் சிலர் இதேபோன்ற முயற்சிகளைச் செய்தார்கள்.

தகாகியின் மாணவர் மசாகி வதனபே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்பு அவர் குழலைத் திருத்தித் திருத்திப் பல மாதிரிகளைச் செய்தார். 1950களின் இறுதியில் உருவான இருபத்தோராம் எண் மாதிரியே உலகெங்கும் பரவிற்று. 1962ஆம் ஆண்டு மே மாதம், கூடைப்பந்து ஆடும்போது முழங்கால் திருகிப்போன 17 வயது வாலிபனுக்கு, மூட்டைப் பிளந்து திறவாமல், குழலின் வழியே பார்த்து, கிழிந்த ஜவ்வின் பகுதியை மாத்திரம் வதனபே அகற்றினார். 1964இல் டோக்கியோவுக்கு வந்த கனடா தேசத்து மருத்துவர் ராபர்ட் ஜாக்சன் அவரிடம் இதைக் கற்று வட அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். அதுவே இன்று நம் நாட்டுப் பெருநகரங்களிலும் நடைபெறுகிற ஆர்த்ராஸ்கோப்பி.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது?

முழங்காலுக்குப் பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். தோளுக்கானால் வழக்கமாக முழு மயக்கம் கொடுப்பார்கள். கைக்குச் செல்லும் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் போடுவது உண்டு. பின்பு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு அல்லது மூன்று துவாரங்கள். ஒன்றின் வழியே ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பருமனுள்ள குழல் உள்ளே செல்லும். அதில் விளக்கொளியும் கேமராவும் இணைந்திருக்கும். மூட்டுக்குள் உப்புநீரைச் செலுத்தி இடத்தை விரியச் செய்து, திரையில் தெரிவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த துவாரத்தின் வழியே சிறு கத்தரியையும் ஊசியையும் பயன்படுத்துவார்கள். பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடலாம்.

துவாரம் சிறியது என்பதால் சிகிச்சையும் சிறியது என்று எண்ணிவிடாதீர்கள். வெளியே தெரிவது இரண்டு தையல்தான். உள்ளே நடந்தது முழு அறுவை. கிருமி தொற்றுவதும், கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைவதும், மூட்டு விறைத்துப்போவதும் அரிது என்றாலும் நேரிடக்கூடியவை. சிகிச்சைக்குப் பின்பு காய்ச்சல், அதிகரிக்கும் வீக்கம், துவாரத்திலிருந்து சீழ், கெண்டைக்காலில் வலி ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ உண்டானால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

யாருக்கு இது உதவும்?

முதலாவது, முழங்கால் பூட்டிக்கொண்டவர்களுக்கு. கிழிந்த ஜவ்வின் துண்டு எலும்புகளின் நடுவே சிக்கி, காலை நீட்ட முடியாமற்போவதே பூட்டு. இது காத்திருக்கக் கூடாத நிலை. ஜவ்வின் வெளி ஓரத்துக்கு மாத்திரமே இரத்த ஓட்டம் உண்டு. அங்கே உண்டான கிழிசலைத் தைத்தால் ஒட்டக்கூடும். உட்பகுதிக்கு இரத்தம் இல்லாதபடியால் அங்கே கிழிந்தால் ஒட்டுவது அரிது. நைந்த பகுதியைக் கத்தரித்துவிடுவார்கள். மெத்தையில் எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவுக்கு முதுமையில் முழங்கால் காக்கப்படும். அந்த வாலிபர் தாமதத்தால் இழந்தது இதைத்தான்.

இரண்டாவது, சிலுவைத் தசைநார் அறுந்து கால் நழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கு. முழுவதும் அறுந்த நாரைத் தைத்து ஒட்டுவது பெரும்பாலும் நிலைப்பதில்லை. ஆகவே அவருடைய தொடையின் பின்புறமிருந்தோ, முட்டிச் சில்லின் கீழிருந்தோ ஒரு நாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, புதிய நாராகப் பொருத்துகிறார்கள். நார் அறுந்த எல்லாருக்கும் இது வேண்டுமா? வேண்டாம். 2010ஆம் ஆண்டு வெளியான சுவீடன் தேசத்து ஆய்வில், இளவயதினர் 121 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை. மறு பிரிவினருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பின்பு அறுவை. இரண்டு ஆண்டு முடிவில் இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பயிற்சிப் பிரிவில் இருந்த 59 பேரில் 23 பேருக்கே அதற்குள் அறுவை தேவைப்பட்டது. ஆனால் 2022இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, காயம் பட்டு நாட்கள் கடந்தும் கால் நழுவுகிறவர்கள் 316 பேரைக் கவனித்தது. அவர்களுக்கு அறுவையே கூடுதல் பயன் அளித்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் விளங்குவது என்னவெனில், புதிய காயத்தில் பயிற்சிக்கு நியாயமான தருணம் கொடுக்கலாம். மருத்துவரின் கண்காணிப்பில் பயிற்சி செய்தும் கால் நழுவுமானால் நாட்களைக் கடத்தக் கூடாது.

மூன்றாவது, மூட்டுக்குள் சீழ் வைத்தவர்களுக்கு. கடுங்காய்ச்சலோடு ஒரே மூட்டு வீங்கிச் சூடேறி, அசைக்கவே முடியாமற்போனால் அது அவசர நிலை. குழலின் வழியே மூட்டைக் கழுவுவது அங்கே மூட்டையும் காக்கும், உயிரையும் காக்கும்.

யாருக்கு இது உதவாது?

எங்கள் சபையில் ஒரு தாயார் இருக்கிறார்கள். அறுபது வயது கடந்தவர்கள். நாற்பது ஆண்டுகள் குடத்தில் தண்ணீர் சுமந்து, குந்தி அமர்ந்து பாத்திரம் துலக்கி, பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "ஜவ்வு கிழிந்திருக்கிறது, துளை போட்டு உள்ளே சுத்தம் செய்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். மகன் என்னிடம் வந்து, "பாஸ்டர், மனைவியின் நகையை அடகு வைத்தாவது அம்மாவுக்குச் செய்துவிடலாம் என்றிருக்கிறேன். ஜெபம் செய்யுங்கள்" என்றார். முன்பு பட்ட பாடம் நினைவுக்கு வந்தது. இந்த முறை நான் ஆலோசனை சொல்லவில்லை. "முதலில் இன்னொரு மருத்துவரிடம் கேட்போம்" என்று கூடவே போனேன்.

அங்கே அறிந்துகொண்ட உண்மைகளைக் கவனமாய் வாசியுங்கள்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முழங்கால் தேய்ந்தவர்கள் 180 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குக் குழல் செலுத்தி மூட்டைக் கழுவினார்கள். அடுத்த பிரிவினருக்குக் கழுவியதோடு சொரசொரப்பையும் சீவினார்கள். மூன்றாம் பிரிவினருக்குத் தோலில் மாத்திரம் கீறித் தைத்துவிட்டார்கள். தாங்கள் எந்தப் பிரிவு என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. 2002இல் முடிவு வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகள் கவனித்தும், தோலில் மாத்திரம் கீறப்பட்டவர்களைவிட மற்றவர்கள் மேலான நிலையில் இல்லை. 2013இல் பின்லாந்து தேசத்தில், தேய்மானத்தால் ஜவ்வு கிழிந்த 146 பேரிடம் ஜவ்வைக் கத்தரிப்பதற்கும் கத்தரித்ததுபோல் காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சோதித்தார்கள். ஓராண்டு கழித்து வலியில் வேறுபாடு காணப்படவில்லை. 2017இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, தேய்மானமுள்ள முழங்கால்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் இச்சிகிச்சை வேண்டாம் என்று அழுத்தமாய்ப் பரிந்துரைத்தார்கள்.

அப்படியானால் ஸ்கேனில் தெரிந்த கிழிசல்? அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் ஐம்பது வயதைக் கடந்த பொதுமக்களின் முழங்கால்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கிழிசல் காணப்பட்டவர்களில் 61 சதவீதத்தினருக்கு முந்தின ஒரு மாதத்தில் வலியே இருந்ததில்லை. 2008இல் வெளியான செய்தி இது. தலைமுடி நரைப்பதுபோல், வயதோடு ஜவ்வும் நைகிறது. ஸ்கேனில் கிழிசல் தெரிவதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று தீர்மானித்துவிட முடியாது.

இரண்டாவது மருத்துவர் தாயாருக்குச் சொன்னவை எளியவை. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்துதல், நாள்தோறும் மூன்று வேளை. உடல் எடையைக் குறைத்தல். குந்தி அமரும் வேலைகளை விடுதல். வெளியே செல்லும்போது கைத்தடி. வலி மிகும் நாளில் அளவாய் மருந்து. பின்னொரு காலத்தில் நடக்கவே இயலாத அளவுக்குத் தேய்ந்தால் செயற்கை மூட்டு பொருத்தலாம். அது வேறு சிகிச்சை. நகை அடகுக்குப் போகவில்லை. மூன்று மாதம் தவறாமல் பயிற்சி செய்த தாயார், "ஐயா, வலி போய்விட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் காய்கறி வாங்க நானே போய் வருகிறேன்" என்றார்கள்.

தோளைக் குறித்து

ஆராதனையில் கரங்களை உயர்த்த முடியவில்லை என்று சொல்லி வருகிறவர்கள் எங்கள் சபையில் பலர். எல்லாருடைய வியாதியும் ஒன்றல்ல.

இளவயதில் ஒருமுறை தோள் நழுவினால் அது மறுபடியும் நழுவுவதற்கு வாய்ப்பு அதிகம். பின்பு ரயிலில் கைப்பிடியைப் பற்றத் தூக்கினாலும் நழுவும். தூக்கத்தில் புரண்டாலும் நழுவும். கிண்ணத்தின் விளிம்பு ஜவ்வு பெயர்ந்திருப்பதே காரணம். குழலின் வழியே, சிறு நங்கூரம் போன்ற திருகுகளை எலும்பில் பதித்து, நூலால் அந்த ஜவ்வை மீண்டும் கட்டுகிறார்கள். ஆனால் பலமுறை நழுவி எலும்பே தேய்ந்துபோனால் இந்தத் தையல் போதாது. எலும்புத் துண்டை எடுத்துப் பொருத்தும் பெரிய அறுவை வேண்டியதாகும். அண்டை வீட்டாரைக் கொண்டு இழுத்துப் பூட்டிக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதனால் நரம்பும் சேதப்படக்கூடும்.

கீழே விழுந்தபின்பு கையைத் தூக்கவே முடியாமற்போனால், தசை நாண் அறுந்திருக்கலாம். இங்கேயும் தாமதம் சத்துரு. அறுந்த நாண் உள்ளே சுருங்கி, தசை நாளடைவில் கொழுப்பாக மாறிவிட்டால் தைத்தாலும் பயன் குறையும். ஆனால் விழாமலே, ஐம்பது அறுபது வயதில் மெல்ல மெல்ல உண்டாகும் தோள் வலிக்கு முதலில் பயிற்சியே மருந்து. தோளின் மேல் எலும்பைச் சீவிவிடும் நுண்துளைச் சிகிச்சையைப் பிரிட்டனில் 313 பேரிடம் சோதித்தார்கள். வெறுமனே குழல் செலுத்திப் பார்த்ததைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை அதில் இல்லை என்று 2018இல் அறிவித்தார்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகமாய் வருவது உறைந்த தோள்பட்டை. முதுகுக்குப் பின்னே கையைக் கொண்டுபோகவும், தலைவாரவும் முடியாது. இரவில் வலி உறங்கவிடாது. இதில் எதுவும் கிழியவில்லை. மூட்டின் உறை தடித்து இறுகியிருக்கிறது. பெரும்பாலும் இது அறுவை இல்லாமலே, பொறுமையான பயிற்சியினாலும், தேவைப்பட்டால் மூட்டுக்குள் போடும் ஊசியினாலும் பல மாதங்களில் தளர்ந்துவிடும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் சிகிச்சையில் ஒரு பங்கு.

தையல் பிரித்தபின்பு தொடங்குவது

மறுபடியும் அந்த வாலிபரிடம் வருகிறேன். அவருக்கு நாரும் பொருத்தி, நைந்த ஜவ்வும் அகற்றினார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். பத்தாம் நாள், "பாஸ்டர், வலி குறைந்துவிட்டது. வேலைக்குப் போகட்டுமா? முதலாளி வேறு ஆளை வைத்துவிடுவார்" என்றார். சிகிச்சை தோற்றுப்போகும் இடம் இதுவே.

புதிதாய்ப் பொருத்திய நார் முதல் மாதங்களில் உரம்பெற்றிருப்பதில்லை. வலி தணிந்துவிடுகிறது, நாரோ இன்னும் பழுக்கவில்லை. ஓடியாடும் விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதங்களாவது ஆகும். ஜவ்வைத் தைத்திருந்தால் சில வாரங்கள் ஊன்றுகோல் வேண்டும். தோளில் நாணைத் தைத்திருந்தால் ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் கையைத் தொட்டிலில் இட வேண்டும். ஜவ்வைக் கத்தரித்தவர்கள் மாத்திரமே விரைவில் நடமாடுகிறார்கள். எல்லாருக்கும் பிசியோதெரபி அவசியம். அறுவை பாதிச் சிகிச்சை, பயிற்சியே மறுபாதி. பயிற்சிக்குப் பணமோ நாளோ இல்லையென்றால், அறுவைக்கு நாள் குறிக்குமுன்பே அதைச் சிந்திக்க வேண்டும்.

நாட்கூலி வாங்குகிறவர் மாதக்கணக்கில் எப்படி அமர்ந்திருப்பார்? இங்கேதான் சபை சபையாய் இருக்க வேண்டும். சகோதரிகள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோனார்கள். மூன்றாம் மாடியில் இருந்தவருக்குத் தரைத்தளத்தில் ஒரு விசுவாசி வீட்டின் முன்னறையில் இடம் கிடைத்தது. இரண்டு மூப்பர்கள் முதலாளியைப் பார்த்துப் பேசினார்கள். இன்று அவர் அதே நிறுவனத்தில் பார்சல்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருக்கிறார். படி ஏறுகிறார், கால் நழுவுவதில்லை. ஆனாலும் நெடுநேரம் முழங்காலில் நிற்க அவரால் முடிவதில்லை. ஆகவேதான் வெள்ளிக்கிழமைகளில் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறார்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. மூட்டு திருகிய முதல் இரண்டு மூன்று நாட்கள் எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. வெந்நீர் ஒற்றடமும் கூடாது. ஓய்வு, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒற்றடம், மிதமான கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவையே போதும்.

2. "டப்" என்ற சத்தம், சில மணி நேரத்துக்குள் பெரிய வீக்கம், நான்கு அடி எடுத்து வைக்க முடியாமை, கால் பூட்டிக்கொள்ளுதல், தோள் நழுவுதல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே எலும்பு மருத்துவரிடம் செல்லுங்கள்.

3. அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள்: இது காயத்தால் வந்ததா, தேய்மானத்தால் வந்ததா? பயிற்சி செய்து பார்த்துவிட்டோமா? செய்யாவிட்டால் என்ன நேரிடும்? செய்தபின்பு எத்தனை மாதம் வேலைக்குப் போக முடியாது? பூட்டோ சீழோ இல்லாத நிலையில், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க நாட்கள் உண்டு, அவசரப்படுத்தினால் மயங்காதீர்கள்.

4. செலவைக் குறித்து: பரேலில் உள்ள கே.இ.எம்., தாராவியை அடுத்துள்ள சயான் மருத்துவமனை போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் எலும்புப் பிரிவு உண்டு. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு உண்டு. சொந்த மாநிலத்தில் பெற்ற அட்டையை வேறு மாநிலத்திலும் பயன்படுத்தலாம் என்பது அதன் விதி. உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதன் பட்டியலில் அடங்குமா என்று, திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனையின் உதவி மேசையில் முதலில் கேளுங்கள். வேலை செய்யும் இடத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டானால் அதையும் விசாரியுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று எண்ணி வலியை மறைக்கிறவர்கள் நம் நடுவில் இன்னும் உண்டு. சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியர் என்பதை மறவாதீர்கள். என்னைப்போன்ற போதகர்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். வியாதியஸ்தருக்காக ஜெபிப்பது நம் ஊழியம். அது என்ன வியாதி என்று தீர்மானிப்பது நம் ஊழியம் அல்ல. ஜெபித்து முடித்தபின்பு, "இனி எண்ணெய் தேய்த்துக்கொள்" என்று சொல்லாமல், "வா தம்பி, நானும் கூட வருகிறேன்" என்று சொல்லி ஆஸ்பத்திரி வரிசையில் அவரோடு நிற்போமாக. அன்று நான் அப்படிச் செய்திருந்தால், இந்த வெள்ளிக்கிழமை அந்த வாலிபரும் எங்களோடு முழங்காலில் நின்றிருக்கக்கூடும்.

கர்த்தர் உங்கள் நடையைக் காத்து, உங்கள் கரங்களைப் பலப்படுத்துவாராக.